மலையாளத்தில் வந்த அழைப்புகள்

வாசல் மாறி நிற்பவனிடம் அதைச் சொல்ல வேண்டியது யார்? கேரளத்துச் சின்னக்கானல் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சங்கையா, எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்வதற்குள் அரசு வீட்டுக்கு மனுப் போட வேண்டும் என்று கைபேசியில் இணைய முகவரியைத் தட்டினார். ஓர் எழுத்து விட்டுப்போனது. இணைய இணைப்பு தரும் நிறுவனம் அப்படி ஒரு முகவரி இல்லை என்று காட்டாமல், வீட்டுக்கடன் விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. அரசுப் பக்கம் என்றே நினைத்து அதில் பெயரும் எண்ணும் கொடுத்தார். பிறகு மலையாளத்தில் அழைப்புகள் வந்தன. எஸ்டேட்டில் மலையாளம் பேசுகிறவர் அதிகாரி. சங்கையா எழுந்து நின்றே பதில் சொன்னார்.

மனுவுக்கான கடைசித் தேதி போனபிறகுதான் மகள் ஆர்த்தி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். "யப்பா, இது வெளம்பரம். லோன் விக்கிறவன்கிட்டயா இம்புட்டு நாளா சார் சார்னு நின்னீக?"

"அவுக ஒருதடவகூட இல்லைன்னு சொல்லலையேத்தா."

வாடகை அறைக்குப் போனார்கள். மறு ஆண்டு ஆர்த்தி சரியான பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். சங்கையா கைபேசியை அணைத்து வைத்தார். அந்த ஆண்டும் மனுப் போடவில்லை.