மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

என் மகளுக்குச் சின்னம்மை போட்டது. தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் தாளிப்பு கிடையாது, மருந்து கிடையாது. அலமாரி நிறைய அறிவியல் புத்தகம் வைத்திருக்கும் நான்தான் வாசலில் வேப்பிலை செருகினேன். நன்றாகச் செருகியதாகத் தெருவில் பேர்.

தண்ணீர் ஊற்றிச் சில நாள் கழித்து, காலையில் எழுந்து வந்தவள் கால்களை அகட்டி வைத்துச் சுவருக்குச் சுவர் தள்ளாடினாள். டம்ளரை எடுக்கப் போன கை டம்ளரைத் தாண்டிப் போனது. பேச்சும் குழறியது.

சங்ககிரியிலிருந்து என் மனைவியின் அண்ணன் வந்திருந்தார். ஒரு லாரி வைத்திருப்பவர். இரண்டாவது வாங்கலாமா என்று வெகுநாளாக யோசிப்பவர். முந்தின நாள்வரை அவளை "ஏ புள்ள, தண்ணி கொண்டா" என்று ஏவியவர், இப்போது செருப்பைக் கழற்றிக் கைகூப்பினார்.

"ஆத்தா இன்னும் மலையேறலீங்க மாப்ள. ஆடுது பாருங்க." பிறகு அவளிடம் குனிந்து, "தாயீ, ரெண்டாவது வண்டி எடுக்கலாமுங்களா?"

"மாமா, தலை சுத்துது."

"வேண்டாங்குதுங்க," என்று எனக்கு விளக்கினார்.

"அட ஏனுங்ணா, லாரிக்குக் குறி கேக்கற நேரமா இது?" என்று சீறிய மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன போனை நோண்டறீங்க? காரை எடுங்க!"

போனில் தேடி, உலகத்துக் கொடிய நோய்களில் பாதியை மகளுக்கு நான் ஒதுக்கி முடித்திருந்தேன். சேலம்வரை நான் ஓட்டிய லட்சணத்தில், பின்னால் வந்தவர்கள் தள்ளாட்டம் எனக்கென்றே நினைத்திருப்பார்கள்.

டாக்டர் மூக்கைத் தொடச் சொன்னார். விரல் கன்னத்துக்குப் போனது. பரிசோதனையெல்லாம் முடிந்தபின் சொன்னார்: "அம்மைக்குப் பிறகு அபூர்வமா சில குழந்தைகளுக்குச் சிறுமூளை இப்படிப் பாதிக்கும். முக்காவாசிப் பேருக்குச் சில வாரத்துல தானா சரியாயிடும். ஆனா உடனே கூட்டிட்டு வந்தது நல்லது."

மிச்சக் கால்வாசியை நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

அதன்பின் தினமும் கூடத்து டைல்ஸ் கோட்டின்மேல் அவள் நடப்பாள். கோழி பிடிப்பவனைப் போலக் கைகளை விரித்துக்கொண்டு பின்னால் நான். மச்சான் வரும்போதெல்லாம் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு ஓரமாகப் பயபக்தியோடு நிற்பார்.

ஒரு சாயங்காலம் கோடு பிசகாமல் கடைசிவரை நடந்து திரும்பியவள், தெளிவாகச் சொன்னாள்: "மாமா, லாரி எடுத்துக்கோங்க."

மச்சான் அவளை மேலும் கீழும் பார்த்தார். "போ புள்ள. ஆத்தா சொன்னாக் கேக்கலாம். லாரியப் பத்தி உனக்கென்ன தெரியும்? போய்த் தண்ணி கொண்டா."

சொம்பு நிறையக் கொண்டுவந்தாள். நானும் மனைவியும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.