சீக்குக் கோழி ரசம்

பார்வதத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. சுகாதார நிலையத்தில் பதினான்கு வருடமாக ஒப்பந்த ஊழியர். வேப்பம்பட்டில் அவள் ஏறாத படி இல்லை, கேட்காத கேள்வி இல்லை. கொசுவுக்கு ஒரு நோட்டு, கொரோனாவுக்கு ஒரு நோட்டு, இப்போது கோழிக்கு ஒரு நோட்டு. நோட்டுதான் மாறுகிறது, வலிக்கிற முழங்கால் அதேதான்.

ஏரிக்கரையில் காகங்கள் செத்து விழுந்து, பறவைக் காய்ச்சல்தான் என்று முடிவு வந்த நாளிலிருந்து வீடு வீடாகப் போய் இரண்டு கேள்வி கேட்கிறாள். கோழி ஏதாவது செத்ததா? யாருக்காவது காய்ச்சலா? மனிதருக்கு வருவது அபூர்வம். வந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் மாத்திரை உள்ளே போக வேண்டும். ஆளுக்கு ஆள் தாவ ஆரம்பித்துவிட்டால் ஊர் மறுபடியும் அடைபடும் என்று கூட்டத்தில் டாக்டரம்மா சொன்னார். பார்வதத்துக்குப் பயம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. "இன்னொரு தபா என்னால ஆவாது மேடம்" என்று வாய்விட்டே சொன்னாள்.

எல்லா வீட்டிலும் இல்லை என்றுதான் பதில். ஜனங்களைச் சொல்லிக் குற்றமில்லை. கொரோனாவின்போது உண்மையைச் சொன்ன வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். நாகவல்லி வீட்டிலும் அடித்தார்கள். "அதெல்லாம் அடிக்க மாட்டாங்க" என்று அன்று அவளுக்குத் தைரியம் சொன்னதே பார்வதம்தான். சாயங்காலம் தகரம் வந்து இறங்கியது.

அந்த நாகவல்லி வீட்டுக்கு இன்று மறுபடியும் வந்திருக்கிறாள். போன வாரம் வாசலில் நான்கு கோழி மேய்ந்தன. இன்று கூண்டின்மேல் சாக்கு கிடந்தது. உள்ளே யாரோ இருமினார்கள்.

"கோழிங்க எங்க?"

"தங்கச்சி ஊட்டுக்குக் குடுத்துட்டேன்க்கா."

"இருமறது யாரு?"

"டிவிக்கா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்வதம் நிறையப் பார்த்தாயிற்று. வாதாடத் தெம்பில்லை. 'காய்ச்சல் இல்லை' என்று எழுதிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்தாள். மணி மூன்று. காலையில் தின்ற இரண்டு இட்லி எப்போதோ கரைந்துவிட்டது. அடுப்படியிலிருந்து மிளகு தூக்கலாகக் கோழி ரசம் மணத்தது. தந்திரமெல்லாம் இல்லை, சத்தியமாகப் பசிதான்.

"அந்த ரசத்துல ஒரு டம்ளர் குடேன், நாகவல்லி."

நாகவல்லி உள்ளே போய் டம்ளரோடு வந்தாள். பார்வதம் வாங்கப் போனபோது டம்ளரை விடவில்லை.

"வாணாக்கா. சீக்குக் கோழி. மூணு செத்துப் போச்சு. கடசி ஒண்ணு துவண்டுகினு இருந்துச்சு, சாவறதுக்குள்ள நேத்து அறுத்துட்டேன். நாங்க துண்ணா பரவால்ல. ஊட்டுக்கு வந்தவங்களுக்குக் குடுக்க மனசு வர்ல."

பார்வதம் டம்ளரை வாங்கிப் படியில் வைத்தாள்.

"கொதிச்ச ரசம் ஒண்ணும் பண்ணாது. பச்சையாத் தொட்டாதான் ஆபத்து. செத்ததுங்கள யாரு தூக்கிப் போட்டா?"

"ஷர்மிளாதான். நேத்து அறுக்கும்போது றெக்கயப் புடிச்சிக்கினதும் அவதான்."

ஷர்மிளா நாகவல்லியின் ஒரே பெண். ஒன்பதாவது படிக்கிறாள்.

"எப்போலேர்ந்து காய்ச்சல்?"

"நேத்து ராத்திரிலேர்ந்து."

பார்வதம் விரல் விட்டு எண்ணினாள். ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை.

"பொறப்படுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

நாகவல்லி அசையவில்லை. "மறுபடியும் தகரம் அடிப்பாங்களாக்கா?"

அடிக்க மாட்டார்கள் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் இவள் இப்போதே கிளம்பிவிடுவாள். பார்வதம் விழுங்கிக்கொண்டாள்.

"தெரியாது. அன்னிக்கும் தெரியாமதான் சொன்னேன். பொண்ணு கூட நானும் வரேன். தகரம் வந்தா நானும் உள்ளயே இருக்கேன்."

சொல்லிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நோட்டைத் திறந்து, எழுதியிருந்த 'இல்லை'யை அடித்தாள். நாகவல்லி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்பக்கம் திரும்பினாள்.

"ஷர்மிளா, எயுந்திரி. அக்கா வந்துகீறாங்க."