உடம்பு கலர்

சித்தியின் ஃபேஸ்புக் லைவில் பொம்மை பிடிக்க என்னை விட்டால் ஆளில்லை என்று பத்து வயதில் நான் திடமாக நம்பினேன். விருத்தாசலத்தில், சூளையில் சுட்டெடுத்த பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவது சித்தியின் வேலை. கொரோனாவில் கடைக்காரர்கள் சரக்கு எடுப்பதை நிறுத்திவிட, கொலுவுக்கென்று செய்த கல்யாண ஜோடிப் பொம்மைகள் எங்கள் கூடத்தில் அடைந்து கிடந்தன. சித்தி போனுக்குப் பின்னால் நின்று பேசுவாள். நான் முன்னால் உட்கார்ந்து பொம்மையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவேன்.

முதல் லைவிலேயே மானம் போயிற்று. பொம்மையைப் பற்றி நாலு பேர் கேட்டால் என்னைப் பற்றி நாற்பது பேர் எழுதினார்கள். 'பாப்பா எந்த ஊரு, ஆப்பிரிக்காவா?' என்றார் ஒருவர். 'நம்ம ஆளு மாதிரியே இல்லியே' என்றார் இன்னொருவர். பழமலைநாதர் கோயில் தெருவில் பிறந்தவளுக்கு இந்தக் கேள்வி! ஆப்பிரிக்கா என்றால்தான் என்ன குறை என்று திருப்பிக் கேட்கத் தெரியாத வயது. அன்று முழுக்க அழுதேன்.

சித்தப்பா சமாதானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மறுநாள் முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரைப் போட்டுவிட்டார். திரையில் என்னைப் பார்த்து எனக்கே வெட்கம் வந்தது. ஆனால் அந்த ஃபில்டருக்கு முகம் மட்டும்தான் தெரியும்போல. பொம்மையைத் தூக்கியதும் என் பழைய கை அப்படியே வந்து நின்றது. 'மூஞ்சி ஒரு ஊரு, கை ஒரு ஊரா?' என்று எழுதிச் சிரித்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

இந்தத் தடவை அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அது நேராகப் பொம்மை மேல் பாய்ந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் ரோஜா நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயிண்ட் டப்பா மேல் 'உடம்பு கலர்' என்று எழுதியிருக்கும்.

"இது யாரு ஒடம்பு சித்தி?"

"யாருக்குத் தெரியும்? நான் வேலைக்கி வந்த நாள்லேர்ந்து இதான் ஒடம்பு கலரு."

"நம்ம வூட்டுல யாரும் இந்தக் கலரு இல்லியே."

சித்தி ஒரு கிண்ணத்தை எடுத்தாள். காவி நிறத்தில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினாள். என் கன்னத்தோரம் வைத்துப் பார்த்து, போதாதென்று இன்னொரு சொட்டு விட்டாள். வண்ணம் பூசாத ஒரு ஜோடிக்கு அதைப் பூசி முடித்தோம்.

அடுத்த லைவில் ஃபில்டரை நானே எடுத்தேன். ஜோடியை இரண்டு கன்னத்திலும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "இதாங்க எங்க ஒடம்பு கலரு. யாருக்கு வேணும்?" என்றேன். மலேசியாவிலிருந்து ஒரு அக்கா, 'எங்க வீட்டுக் கல்யாணம் மாதிரியே இருக்கு, எனக்கு வேணும்' என்று எழுதினார். அவ்வளவுதான், எனக்கு எனக்கென்று சண்டையே வந்துவிட்டது. ஆப்பிரிக்காவா என்று கேட்டவரும் ஒரு ஜோடி கேட்டார். "வரிசையில வாங்க" என்றேன்.

நான் தலைகால் புரியாமல் இருந்த அந்த நேரத்தில் சித்தி முன்னால் வந்து என்னருகே உட்கார்ந்தாள். முடியை ஒதுக்கிக்கொண்டு திரையைப் பார்த்து, "வணக்கங்க, இதுக்குக் கலரு பூசுனது நான்தாங்க" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்தது நான், பெயர் வாங்குவது இவளா? முழங்கையால் இடித்துத் தள்ளினேன். சித்தியும் என் நிறம்தான். அன்றுவரை அவள் தன் முகத்தை நெட்டில் ஒருமுறைகூடக் காட்டியதில்லை, கல்யாண போட்டோவைக்கூட யாருக்கும் அனுப்பியதில்லை. அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நான் பாட்டுக்கு இடித்துக்கொண்டே இருந்தேன். அவள் நகராமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.