பஞ்சில் தெளித்த தண்ணீர்

ஞானமுத்து மூப்பரே, அந்தத் தோணியை மூழ்கடித்தது காற்று அல்ல. உம்முடைய தண்ணீர்தான்.

சபையாரே, உலகச் சண்டை வருவதற்கு முந்தின வருஷம், ஐப்பசி மாதம். இராஜபாளையத்தில் மூப்பர் சரக்கு அடைத்துவைக்கும் கிட்டங்கியிலிருந்து பஞ்சுப் பொதிகள் தூத்துக்குடிக்குப் போயின. அங்கே கப்பல் கரைக்கு வராது. தோணியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பொதிகளுக்குக் காவலாக என் வீட்டுக்காரரும் ஸ்ரீவில்லிபுத்தூர் யோசேப்பும் போனார்கள். எடை கூடட்டும் என்று பஞ்சில் தண்ணீர் தெளித்துக் கட்டுவது எங்களுக்கெல்லாம் தெரிந்த வழக்கம். பொதிகளை எண்ணி ஏற்றும் தோணிக்காரனுக்குத்தான் அது தெரியாது; எண்ணிக்கை சரியாக இருந்தும் தோணிக்குப் பாரம் மிஞ்சியது.

தோணி கவிழ்ந்ததாகச் செய்தி வந்தது. யோசேப்பின் மனைவி செல்லத்தாயும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெபவீட்டில் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டோம். அவள் வாய்விட்டு ஜெபித்தாள்: "ஆண்டவரே, ரெண்டு பேரையும் கொண்டுவந்து சேரும்."

நான் வாய்க்குள்ளே ஜெபித்தேன்: "யாரை வேணும்னாலும் எடுத்துக்கிரும். என் ஆளை மட்டும் தாரும்."

அந்த வாரமே என் வீட்டுக்காரர் வந்தார். தனியாக வந்தார். செல்லத்தாய் எங்கள் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"அண்ணே, அவிய எங்க?"

"ஈரப் பொதியெல்லாம் கல்லு மாதிரி இறங்கிட்டு தாயி. நனையாதது ஒண்ணு மிதந்துச்சு, அதப் பிடிச்சேன். அவன் பிடிச்சது ஈரப் பொதி."

அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ கேட்டது கிடைச்சிட்டு, அக்கா" என்றாள். நான் கேட்டது என்னவென்று அவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்தப் பொதிகள் கடலடியில் கிடந்து அழுகின. மீன் செத்துக் கரை ஒதுங்கியதாம். பொதி கட்டின இரும்புப் பட்டைகள் பரதவர் வலைகளை இன்னும் கிழிக்கின்றனவாம்.

என் வீட்டுக்காரர் தப்பினதற்கு மூப்பர் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார். என்னிடம், "ஏட்டி, ஆண்டவர் காப்பாத்துனதச் சொல்லு. தண்ணிய எதுக்கு இழுக்க?" என்றார். அன்று வாயை மூடிக்கொண்டேன். இன்று மூடமாட்டேன். அவருடைய கிட்டங்கி வாசலையும் இனி மிதிக்கமாட்டேன்.

தேவன் ஜெபத்தைக் கேட்கிறார். என் வீட்டுக்காரர் உயிரோடு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்; அதற்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. ஆகவே நம்பிக் கேளுங்கள். ஆனால் பக்கத்தில் முழங்காலிட்டிருப்பவளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். செல்லத்தாயே, நான் கேட்டதை இப்போது நீயும் அறிந்துகொண்டாய். என்னை என்ன சொன்னாலும் தகும்.

மூப்பரே, யோசிக்க உமக்கு ஒரு வாரம்; வருகிற ஞாயிறும் அவள் முன்வரிசையில் இருப்பாள். பஞ்சில் தண்ணீர் தெளிக்கச் சொன்னது யார்? சபைக்கு முன் எழுந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும்.