என் முகத்துக்கு ஒரு சாட்சி

அந்த நாளில் காஞ்சிபுரத்தில் ஒருவன் ப்ரௌசிங் சென்டருக்குள் போனால் எதற்குப் போகிறான் என்று ஊருக்கே தெரியும். பரீட்சை ரிசல்ட் பார்க்க, வரன் பார்க்க, இல்லையென்றால் வெளியே சொல்லக்கூடாத சிலதைப் பார்க்க. நான் போனது புடவைக் கரைக்குப் படம் தேட. நம்பினால் நம்புங்கள். பட்டுக் கடைகளுக்கு டிசைன் வரைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. மயில், யானை, அன்னம் என்று எதைக் கேட்டாலும் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பித் தருவேன். அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டுத் தறியில் ஏற்றுவார்கள். ஒரே மயிலை ஒரு மனுஷன் எத்தனை காலத்துக்கு வரைவான்?

ஒரு நாள் எனக்கு முன்னால் அந்தக் கேபினில் இருந்தவர் பக்கத்தை மூடாமல் எழுந்து போயிருந்தார். திரையில் மூன்று முகங்கள், பென்சில் கோட்டில் வரைந்தவை. ஒருவன் ஒல்லி, ஒருவன் உப்பின கன்னக்காரன், மூன்றாவது ஆள் நம்மூர் தாசில்தார் ஆபீஸில் கோப்பைத் தொலைத்துவிட்டுத் திருதிருவென்று முழிப்பவர் மாதிரி. கீழே இருந்த இங்கிலீஷைத் தட்டுத் தடுமாறிப் படித்தேன். மூன்றும் ஒரே ஆளாம்!

கதை இதுதான். எங்கோ ஒரு தேசத்தில், வெகு காலத்துக்கு முன்னால், ஒருவன் தனியாக விமானம் ஏறியிருக்கிறான். பைக்குள் குண்டு இருக்கிறது என்று மிரட்டி விமானத்தைக் கடத்தியிருக்கிறான். ஓர் இடத்தில் இறக்கச் சொல்லி, எல்லோரையும் வெளியே விட்டுவிட்டு, இருட்டில் இறங்கிப் போய்விட்டான். போனவன் போனவன்தான். அவனுக்கு டிக்கெட் கொடுத்தவர், பக்கத்து இருக்கைக்காரர், அவன் அருகிலேயே மணிக்கணக்கில் உட்கார வைக்கப்பட்ட விமானப் பணிப்பெண் என்று மூன்று பேர் சொல்லச் சொல்ல வரைந்த படங்கள் அவை. போலீஸ் கைவிட்ட பிறகு, பொழுதுபோகாதவர்கள் நாலைந்து பேர் இன்டர்நெட்டில் குழு சேர்ந்து அந்தப் படங்களை அலசிக்கொண்டிருந்தார்கள். குழுவுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்றவர்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மயிலுக்காக அல்ல.

என்னைப் பிடித்து ஆட்டியது விமானமும் இல்லை, குண்டும் இல்லை. அந்தப் படங்கள் பேப்பரில் வந்திருக்கின்றன, சுவரில் ஒட்டியிருக்கின்றன. ஒருவர்கூட, ‘ஐயோ, இது எங்க வீட்டு ஆளாச்சே’ என்று வந்து சொல்லவில்லை. தாய் சொல்லவில்லை, கட்டினவள் சொல்லவில்லை, எதிர்வீட்டுக்காரன் சொல்லவில்லை. அவனுக்கு யாருமே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மா போன பிறகு நானும் சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறையில் ஒண்டிக்கட்டைதான். கருட சேவைக்கு என் ஜன்னலுக்குக் கீழே ஊரே கூடி நிற்கும். ஒரு தலையாவது நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கையாட்டினது கிடையாது.

ஆனால் அந்தக் குழுவில் எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேட்க வேண்டுமே! மூன்று படங்களையும் கிராஃப் தாளில் ஏற்றி, கண்ணுக்கும் மூக்குக்கும் எத்தனை கட்டம், மூக்குக்கும் உதட்டுக்கும் எத்தனை கட்டம் என்று எண்ணி அனுப்பினேன். பல் டாக்டர் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்துப் பாராட்டி எழுதினார். காது மடல் ஒட்டியிருந்ததா, தொங்கியதா என்று மாசக்கணக்கில் சண்டை போட்டோம். என் ஓட்டை இங்கிலீஷை யாரும் கேலி செய்யவில்லை. உள்ளூரில் பேச நாதியில்லாதவன் கடல் தாண்டி நாலு பேரோடு காதைப் பற்றிச் சண்டை போட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் பல் டாக்டர் அந்தச் சோதனையைக் கொண்டு வந்தார். சாட்சிகள் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நாமே பார்ப்போம். ஒவ்வொருவரும் தன்னை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் தன் முகத்தைப் பார்க்காமல் சொல்லச் சொல்லி, அதைக் கேட்டு வரைந்து, கூடவே போட்டோவும் அனுப்ப வேண்டும். பல் டாக்டருக்கு அவர் சம்சாரம் சொன்னார். இன்னொருவருக்கு மகள். குடும்பமே இல்லாத ஒருவருக்கு முடிவெட்டுகிறவர் சொல்லியிருந்தார். எல்லாம் வந்தாகிவிட்டது, உங்களுடையது மட்டும்தான் பாக்கி என்று எனக்கு எழுதினார்கள்.

இதென்ன பெரிய காரியம் என்று டீக்கடையில் ஆரம்பித்தேன். வருஷக்கணக்காகக் காலையும் மாலையும் அங்கேதான் டீ. கடைக்காரரிடம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “என் மூஞ்சி எப்படி இருக்கும், சொல்லுங்க பாப்போம்” என்றேன்.

“இன்னாபா, காலைலயே தமாஷ் பண்ற? சக்கரை கம்மி, டிகாஷன் தூக்கல். அவ்ளோதான.”

“அது டீங்க. நான் மூஞ்சியக் கேக்கறேன்.”

“வர்றவன் மூஞ்சியெல்லாம் பாத்துக்கினு இருந்தா பால் பொங்கிடும்பா” என்றார். நியாயம்தான்.

பட்டுக்கடை முதலாளியிடம் போனேன். அவருக்கு நான் வரைய ஆரம்பித்தபோது அவர் தலையில் முடி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தவர், “கண்ணாடி போட்டிருப்ப” என்றார். என் வாழ்நாளில் நான் கண்ணாடி போட்டதில்லை. முடிவெட்டுகிறவரோ, நான் நாற்காலியில் உட்காருவதற்குள்ளேயே, “பின்னந்தலைல ரெட்டைச் சுழி. உனக்கு ரெண்டு பொண்டாட்டி வரணுமே!” என்றார். ஒன்றுக்கே வழியைக் காணோம். முன்பக்கத்தைச் சொல்லுங்கள் என்றதற்கு, “அதான் கண்ணாடில நீயே பாத்துக்கறியே” என்று கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

அன்றைக்கு அறைக்குத் திரும்பிச் சோறு பொங்கவில்லை. அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. நாளைக்கே நான் காணாமல் போனால் போலீஸிடம் என் முகத்தைச் சொல்ல இந்த ஊரில் ஓர் ஆள் கிடையாது. விமானம் கடத்தினவனுக்காவது மூன்று பேர் இருந்தார்கள்.

சொல்லக்கூடியவன் ஒருவன் இருந்தான். பிள்ளையார்பாளையத்தில், ஊருக்கு அந்தக் கோடியில். என் அண்ணன்.

அவனும் நானும் பேச்சு வார்த்தையில்லை. அண்ணியின் தங்கையை எனக்குக் கட்டி வைப்பதாக மாமனார் வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடியாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். வாக்குக் கொடுத்த வாய் அவனுடையது, தாலி கட்டும் கை மட்டும் என்னுடையதா? “இனிமே என் மூஞ்சில முழிக்காத” என்றான். நானும் முழிக்கவில்லை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நான் கடைக்குப் போகிற நேரம் பார்த்து வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான். அம்மா செத்தபோது கொள்ளி வைத்தது அவன்தான். அப்போதும் எனக்குச் சொல்ல வேண்டியதைப் பங்காளிகளிடம் சொல்லிச் சொல்ல வைத்தான்.

அவனிடம் நானாகப் போயிருக்க மாட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு. ஆனால் அந்த வாரமே முதலாளி கூப்பிட்டார். “உன் அன்னப்பட்சிக் கரை ஒரு தறில சரியா விழல. கழுத்துகிட்ட ஒடையுதாம். நேர்ல போய்ப் பாரு” என்றார். எந்தத் தறி என்றேன். அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்துக்கொண்டார்.

போனேன். அண்ணன் தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்தான், குனிந்துகொண்டான். அண்ணி மாகறலில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருக்கிறாள் என்று தறியிடம் சொன்னான். அண்ணி இல்லாமல் அவனால் ஒரு விரல்கடை நெய்ய முடியாது. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவனுக்கு வலப்பக்கத்தில் ஒருவர் ஒட்டி உட்கார்ந்து அந்தக் கரையின் குறுக்கு நூல் ஓடும் நாடாக் கட்டையைப் போட்டுத் தர வேண்டும். கல்யாணமாகி அண்ணி வரும்வரை அந்த இடம் என்னுடையது.

ஓட்டிப் பார்க்காமல் எங்கே உடைகிறது என்று தெரியாது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். அவன் மிதித்தான், நான் நாடாவைப் போட்டேன். கை மறக்கவில்லை. அன்னத்தின் கழுத்து வந்ததும் குற்றம் தெரிந்தது, ஓர் அட்டை இடம் மாறிக் கோத்திருந்தார்கள். சொன்னேன். “உம்” என்றான். எழுந்து வந்திருக்கலாம். ஏனோ இருவருமே நிறுத்தவில்லை.

தறியில் ஒரு சௌகரியம் உண்டு. இரண்டு பேரும் துணியைத்தான் பார்க்க வேண்டும், முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

“அண்ணா, திரும்பாம சொல்லு. என் மூஞ்சி எப்படி இருக்கும்?”

பைத்தியமா என்று கேட்பான் என்று நினைத்தேன். விமானம், பல் டாக்டர் எல்லாவற்றையும் விளக்கத் தயாராக இருந்தேன். அவன் கேட்கவே இல்லை. நாடாவை நிறுத்தாமல் சொல்ல ஆரம்பித்தான்.

“காதுல கீழ ஒரு கிழிசல் இருக்குது. சின்னதுல கடுக்கன் மாட்டி இஸ்துக்கினது. புருவம் நடுவுல முடி இல்ல, நான் வுட்ட நாடா எகிறிப் பட்டது. தாடைக்கு அடில மச்சம், ஷேவ் பண்ணா அதுங்கிட்ட நாலு முடி வுட்டுடுவ. கோவம் வந்துதுன்னா கன்னத்துல ஒரு நரம்பு துடிக்கும். அழுகை வந்தா வாய் ஓரம் மட்டும் இறங்கும், நீ அழலன்னு சொல்லிக்கினே இருப்ப.”

வாய் ஓரம் இறங்கியது. எனக்கே தெரிந்தது. நாடாவை வைத்துவிட்டு, கையோடு கொண்டு வந்திருந்த கிராஃப் தாளைத் திருப்பி அதன் முதுகில் மளமளவென்று வரைந்தேன். இத்தனை நாளாக ஊரெல்லாம் தேடின முகம், குனிந்த தலை நிமிராமல் ஒருவன் வாயிலிருந்து அப்படியே வந்துகொண்டிருந்தது. வரைந்து முடித்துப் பார்த்தால் பாதி முகம். எல்லாம் இடது பக்கம்.

“இந்தப் பக்கம் ஆச்சு. வலது பக்கம்?” என்றேன்.

“அந்தப் பக்கத்த நான் எங்கடா பாத்தேன்? நீ எப்பவும் இப்படித்தான உக்காந்துக்கினு இருந்த” என்றான்.

“பரவால்ல” என்று தாளை நடுவில் மடித்தேன். எங்கள் தொழிலில் பாதி வரைந்தால் போதும், மீதியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். கோட்டின் மேல் அழுத்தித் தேய்த்து, விரித்து, அவன் பக்கம் நீட்டினேன். இரண்டு கிழிந்த காது, இரண்டு உடைந்த புருவம், இரண்டு மச்சம்.

முதலில் சிரித்தான். பிறகு கோபம் வந்துவிட்டது. “இன்னாடா இது? மனுஷன் மூஞ்சி இன்னா கரைல போடற அன்னமா, திருப்பிப் போட்டுக்க? அந்தப் பக்கம் வேற ஏதாவது இருக்காது?”

குழியிலிருந்து காலை உருவினான். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து தறியைச் சுற்றி வந்தான். எனக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்கார இடமில்லை. நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான். நான் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆடாம இரு.”

இருந்தேன். அவன் மூச்சு காதில் பட்டது. நேரம் போகப் போக, சொல்லும்படி அங்கே ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று எனக்குப் பயம் வந்தது. பென்சிலைத் தாளில் வைத்துக்கொண்டு, “சொல்லு, வரையறேன்” என்றேன்.

“இந்தப் பக்கம் அம்மாடா” என்றான். “அப்படியே அம்மா. இத்தினி வருஷம் உன்னாண்டயே இருந்துக்கினு இருக்குது, நான் பாக்கவே இல்லியேடா.”