ஒற்றைக் கை அக்காவும் குண்டனும்

எங்கள் அக்காவுக்கு இரண்டு கைகளும் நன்றாகவே இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் அவளை ‘ஒற்றைக் கை அக்கா’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரைக் கேட்டுக் கடைக்கு வருகிறவர்கள் அவள் தோள்பட்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சிலர் முகத்தில் லேசான ஏமாற்றம்கூடத் தெரியும். அவள் வாயைத் திறந்த பிறகு யாரும் கையைப் பார்ப்பதில்லை.

அக்கா நடத்துவது கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தத்தித் தத்தி நடக்கிற வாண்டுகளுக்கும் வேண்டிய சாமான்களை விற்கும் கடை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. நான் அவள் தம்பி. பெட்டியில் துண்டு துண்டாக வருகிற தொட்டில்களையும் தள்ளுவண்டிகளையும் முடுக்கி நிறுத்துவது என் வேலை. அவற்றை விற்கவிடாமல் தடுப்பது அவள் வேலை.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். பிள்ளை பிறந்துவிட்டால் ஒரு கை பிள்ளைக்குப் போய்விடும், மற்ற எல்லாவற்றுக்கும் மிச்சம் இருப்பது ஒரு கைதான். அந்த ஒரு கையால் திறக்க, மூட, மடிக்க, மாட்ட முடியாத எதுவும் எங்கள் கடையில் இருக்கக் கூடாது. இதைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே அவள் ஒரு பொம்மை தைத்து வைத்திருக்கிறாள். வெளியே பழைய போர்வைத் துணி, உள்ளே மணல். பிறந்த குழந்தையின் கனம் அப்படியே இருக்கும். தலை மட்டும் தொளதொளவென்று எந்தப் பக்கமும் சாயும். கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. பெயர் குண்டன்.

ஒரு நாள் டையும் பளபளக்கும் ஷூவுமாக ஒருவர் வந்தார். இருப்பதிலேயே பெரிய தள்ளுவண்டியைக் காட்டி அதுதான் வேண்டும் என்றார். குடை, கப் வைக்க இடம், முன்னால் விளக்கு எல்லாம் இருந்த வண்டி அது; அக்கா சோதித்துப் பார்ப்பதற்குள் நான் ஆசைப்பட்டு வாங்கி நிறுத்தியது. எனக்கு வாயெல்லாம் பல். அக்கா குண்டனை எடுத்து அவர் இடது கையில் வைத்தாள்.

“இப்ப வண்டியை மடிங்க சார்.”

“ஒரு நிமிஷம். இதை எங்கே வைக்கிறது?”

“எங்கேயும் வைக்கக் கூடாது. அது உங்க பிள்ளை. பஸ் வந்து நிக்குது, பின்னாடி நிக்கிறவங்க திட்டுறாங்க. மடிங்க.”

மனுஷர் காலால் உதைத்தார். முழங்காலால் அமுக்கினார். கடைசியில் குண்டனைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் போன் மாதிரி இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வண்டியோடு மல்லுக்கு நின்றார்.

“பிள்ளைக்குக் கழுத்து போச்சு,” என்றாள் அக்கா அமைதியாக.

வேர்த்து விறுவிறுத்துப்போய், கைப்பிடியை இழுத்தால் தானாக மடிகிற சின்ன வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. “நீ வியாபாரம் பண்றியா, பரீட்சை வைக்கிறியா?” என்று கத்தினேன். “ரெண்டும்தான். பெயிலானா மார்க்கு கிடையாது, சாமானும் கிடையாது,” என்றாள். அந்த டைக்காரர் அப்புறம் தன் அலுவலகத்தையே ஒவ்வொருவராக எங்கள் கடைக்கு அனுப்பிவைத்தார் என்பது வேறு விஷயம். அதை அவள் எனக்குச் சொல்லிக்காட்டாத வாரமே கிடையாது.

பிள்ளை உருண்டு விழும் என்று சக்கரம் வைத்த வாக்கரைக் கடைக்குள்ளேயே விடமாட்டாள். தொட்டிலுக்குத் தலையணை கேட்டால், “கழுத்தே நிக்காதவனுக்குத் தலகாணி எதுக்கு? மெத்தை மட்டும் போதும், மல்லாக்கப் படுக்க வைங்க, பக்கத்துல பொம்மை கிம்மை எதுவும் வேணாம்,” என்பாள். புதிதாக வரும் சின்னச் சட்டைகளை உள்பக்கம் திருப்பித் தையலைத் தன் மேலுதட்டில் தேய்த்துப் பார்ப்பாள். உறுத்தினால் திருப்பி அனுப்பிவிடுவாள். கழுத்தில் தொங்குகிற நாடா, காதுக் குஞ்சம் எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டுத்தான் அலமாரியில் அடுக்குவாள். எங்கள் கடையிலேயே நல்ல அறை எது என்று கேட்டால் கழிப்பறைதான். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் அவசரத்துக்கு எங்கே போவார்கள் என்று, நான் சாமான் வைக்கக் கேட்ட இடத்தை இடித்து அதைக் கட்டினாள். எதுவும் வாங்காமல் அதற்காக மட்டும் வந்துபோகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் கைப்பிடி வைத்த நாற்காலியைப் போட்டு, “ஆஸ்பத்திரிப் பையில சார்ஜர் ஒயர் நீளமா இருக்கட்டும், கட்டில்ல இருந்தே எட்டணும்,” என்று சொல்லித்தான் அனுப்புவாள்.

இந்த ஒற்றைக் கைக் கதை எங்கிருந்து வந்தது என்றால், அவளுடைய மூத்தவனிடமிருந்துதான். மாமாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மாதக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். பால் பாட்டிலின் மூடி இரண்டு கை போட்டுத் திருகினால்தான் வரும் என்று, பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டு மூடியைத் திருகினாள் அக்கா. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் உருண்டு கீழே விழுந்துவிட்டான். நெற்றியில் ஒரு புடைப்போடு போயிற்று. அவன் இப்போது வாசல் நிலையில் இடிக்கிற உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறான். ஆனால் அந்தப் பாட்டிலை அன்றைக்கே குப்பையில் எறிந்தவள், இன்றைக்கு வரை இரண்டு கை கேட்கிற எந்தச் சாமானையும் மன்னிக்கவில்லை.

எனக்கும் குண்டனுக்கும் ஆகவே ஆகாது. அவனை அலமாரியில் ஏற்றும்போதெல்லாம், “தலையைப் பிடிடா, எருமை!” என்று கத்துவாள்.

“மணல் மூட்டைக்கு ஏதுக்கா தலை?”

“பிடிச்சுப் பழகு. தானா கைக்கு வரும்.”

அவள் வாயை அடைக்கவே அவள் எதிரில் தலையைப் பிடித்துத் தூக்குவேன். அவள் அந்தப் பக்கம் போனதும் காலைப் பிடித்து அலமாரிக்கு வீசுவேன். இப்படியே வருஷங்கள் போயின.

என் மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் இருந்ததில் பாதியை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். நான் கொண்டுபோய் வைப்பதை அக்கா பின்னாலேயே வந்து திருப்பி எடுத்துப்போனாள். “அண்ணி, அந்த ஒரு தொப்பியையாவது விட்டுட்டுப் போங்க, பார்க்க ஆசையா இருக்கு,” என்று கெஞ்சித்தான் என் மனைவி ஒரே ஒரு தொப்பியை மிச்சம்பிடித்தாள். நிறையக் காலம் இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

பிள்ளை அவசரப்பட்டுவிட்டாள். நாள் நிறைய வெகுகாலம் இருக்கும்போதே, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி எடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒயர்களுக்கு நடுவே கிடந்தாள் என் மகள். ஆசையாக வைத்திருந்த அந்தத் தொப்பி அவள் இடுப்பு வரைக்கும் வரும்போல இருந்தது. என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டு இன்னொரு வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். நான் இரண்டு வார்டுக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

குழந்தை வார்டு நர்ஸ் என்னைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். “மூச்சு நல்லா இருக்கு. இனிமே சூடு குறையாம இருக்கணும், எடை ஏறணும். அதுக்கு உடம்போட உடம்பா வச்சுக்கிறதுதான் நல்லது. அம்மாவுக்கு முடியற வரைக்கும் நீங்கதான் நெஞ்சுல போட்டுக்கணும். முன்பக்கம் பட்டன் வச்ச சட்டை போட்டுட்டு வாங்க.”

சரி என்று தலையாட்டினேன். வெளியே வந்தேன். நடந்தேன். கடை வந்த பிறகுதான் நின்றேன்.

கடையில் ஒரு தொட்டில் பாதி முடுக்கியபடி கிடந்தது. உட்கார்ந்து அதை முடுக்க ஆரம்பித்தேன். என்னைப் பார்த்தவர்கள் பேயறைந்தவன் என்றுதான் நினைத்திருப்பார்கள். கடைப் பெண் ஒரு தம்பதிக்குச் சாமான் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கர்ப்பிணிப் பெண் கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா வந்து நின்றாள்.

“உன்னை அங்கே தேடிட்டிருக்காங்க.”

“சட்டை எடுக்க வந்தேன்.”

அவள் தன் பையிலிருந்து என் நீலச் சட்டையை எடுத்துத் தொட்டில் மேல் போட்டாள். “சட்டை இந்தா. அடுத்த சாக்கைச் சொல்லு.”

“என்னால முடியாதுக்கா. விரல் அளவுதான் இருக்கா அவ. நான் தொட்டா ஏதாவது ஆயிடும். இந்தக் கையைப் பாரு, போல்ட் முடுக்குற கை. நீயே வச்சுக்கோ. இல்ல, நர்ஸையே வச்சுக்கச் சொல்லு.”

வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் அலமாரியிலிருந்து குண்டனை இறக்கிக் கவிழ்த்துப் போட்டு, கத்தரிக்கோலால் அவன் முதுகைச் சரக்கென்று கிழித்தாள். கடைப் பெண், “அக்கா!” என்று அலறியேவிட்டாள். குளிப்பாட்டும் தொட்டி ஒன்றை இழுத்து மணலை அதில் கொட்டினாள் அக்கா.

“எடை எவ்வளவு சொன்னாங்க?”

சொன்னேன். பிள்ளைகளை நிறுக்கும் எங்கள் கடைத் தராசில் குண்டனை வைத்தாள். எடுத்தாள், கொட்டினாள், மறுபடி வைத்தாள். குண்டன் பாதியானான். பாதிக்கும் கீழே போனான். அந்தத் தம்பதி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பெரிய பெரிய தையலாக நாலு போட்டு முதுகை மூடினாள். அப்புறம் அவள் செய்ததுதான் என்னால் இன்றைக்கும் நம்ப முடியாதது. கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “டேய்!” என்று குண்டனை என்னை நோக்கித் தூக்கிப் போட்டாள். தலையைப் பிடி, தலையைப் பிடி என்று என் உயிரை வாங்கிய அதே அக்கா!

திருப்புளி எங்கோ போய் விழுந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. பார்க்கிறேன், என் ஒரு உள்ளங்கை அவன் பிடரிக்குக் கீழே இருக்கிறது. இன்னொன்று இடுப்புக்குக் கீழே. அவன் நெஞ்சு என் நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது.

“பார்த்தியா? கைக்குத் தெரியுது. உனக்குத்தான் இன்னும் தெரியலை.”

குண்டன் கனமே இல்லாமல் இருந்தான். அந்த லேசு என்னை உலுக்கிவிட்டது. “நீலச் சட்டையைப் போட்டு, அதுக்குள்ள வச்சு உட்காரு,” என்றாள். கர்ப்பிணிப் பெண் அவசரமாக எழுந்து நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்தாள். கடை நடுவில், ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்க, சட்டைக்குள் மணல் பொம்மையோடு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் குண்டனை எடுத்து வைத்துவிட்டு எழுந்து, “போலாம்,” என்றேன்.

நர்ஸ் என்னைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார். டயபரும் குட்டித் துணித் தொப்பியும் மட்டும் போட்டிருந்த மகளை என் வெறும் நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு துணியால் சேர்த்துக் கட்டிவிட்டார். குண்டனுக்கு மூச்சு கிடையாது. இவளுக்கு இருந்தது. சின்னச் சின்னதாக, சூடாக, என் நெஞ்சின் மேல் பட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் முஷ்டி மெல்ல விரிந்து என் தோலில் படிந்தது. என் கண்ணும் மூக்கும் ஒழுக ஆரம்பித்தன.

துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்று அக்காவை உள்ளே விட்டிருந்தார்கள்.

“அக்கா, மூக்கு ஒழுகுது. ஒரு கையை எடுக்கட்டுமா?”

“எடுக்காதே. இவளுக்கு ரெண்டு கையும் வேணும். மிச்சத்துக்கு நான் இருக்கேன்.”

ஊரையே ஒற்றைக் கையால் சமாளிக்கப் பழக்கியவள் அப்படிச் சொன்னாள். தன் கைக்குட்டையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். நர்ஸ் பிள்ளையைப் பெட்டிக்குள் வைத்த நேரத்தில் வெளியே அழைத்துப்போய் டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுத்தாள், மறுபடி உள்ளே கூட்டிவந்து சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டாள். அவ்வளவு பிரியம் அவள்மேல் எனக்கு வந்தது. அங்கே சொல்லியிருந்தால், “பேசாம உட்காருடா,” என்றிருப்பாள். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

காய்ச்சல் இறங்கியதும் என் மனைவி மெல்ல நடந்து வந்து, “எந்திரிங்க, இனி என் முறை,” என்று நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள். அப்புறம் இருவரும் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். நர்ஸ் எடை சொல்லும்போதெல்லாம் கடைக்குப் போன் போடுவேன். அக்கா குண்டன் முதுகில் தையலைப் பிரித்து அந்த அளவுக்கு மணல் போட்டு ஊக்கு குத்தி வைப்பாள். கடைக்கு வருகிறவர்களுக்குப் பரீட்சை நிற்கவில்லை. ஆனால் குண்டனுக்குப் பதிலாகச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். “குண்டன் எங்கே?” என்று கேட்டவர்களிடம், “லீவுல இருக்கான். உடம்பு தேறிட்டு வர்றான்,” என்றாள். இடையில் ஒரு நாள் எடை இறங்கிவிட்டது. அன்றைக்கு, முன்பு போட்ட மணலைத் திரும்ப எடுத்தாளாம். எல்லார் மேலும் எரிந்து விழுந்து, கடையை மத்தியானமே இழுத்து மூடிவிட்டாளாம். கடைப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போனில் என்னிடம், “ஏறும், ஏறும். போய் உட்காரு,” என்று மட்டும்தான் சொன்னாள்.

ஏறியது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று நேரே கடைக்குத்தான் போனோம். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு கையில் என் மகளையும் ஒரு கையில் குண்டனையும் ஏந்திக்கொண்டு கண்ணை மூடி நின்றாள்.

“இவன் ஒரு பிடி குறையறான்,” என்றாள்.

என் மனைவி தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலை அள்ளி அவன் முதுகுக்குள் போட்டாள். அக்கா பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, இந்த முறை நெருக்கமாக, நல்ல நூலில் தைத்து முடித்தாள். பல்லால் நூலைக் கடிக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அதற்குள் வாசலில் யாரோ பால் பாட்டில் கேட்க, “இருங்க, எந்தக் கையில பிள்ளையைப் பிடிப்பீங்க?” என்று போய்விட்டாள்.

குண்டனை அலமாரியில் ஏற்றுவதற்காக நான் எடுத்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாரும் கத்தவும் இல்லை. தலைக்குக் கீழே கையைக் கொடுத்து, மெதுவாக மல்லாக்கப் படுக்க வைத்தேன்.