போறேனா, வாரேனா

எட்டாம் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் படித்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கண்ணில் பட்ட சொல்லையெல்லாம் பகுதி, இடைநிலை, விகுதி என்று கூறுபோட்டேன். அம்மா திட்டினால், 'திட்டினாள்' என்பதையும் பிரித்துக் காட்டி இன்னும் கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அப்போதுதான் அப்பாவின் தங்கை, கன்னியாஸ்திரியான என் அத்தை, தென் அமெரிக்காவுக்குப் புறப்படும் முன் எங்களோடு தங்க வந்தாள். அங்கே ஸ்பானிஷ் பேச வேண்டுமாம். அப்பாவின் மண்டியிலிருந்து வந்த சின்ன வெங்காயத்தை உரித்தபடி, செல்போன் சொல்லச் சொல்ல அத்தையும் சொல்வாள். 'வோல்-வெ-ரே' என்று அசைக்கு ஒரு தட்டாக முழங்காலில் தட்டுவாள். 'திரும்பி வருவேன்' என்று பொருளாம். நான் விடுவேனா? 'வோல்வெர்' பகுதி, 'ஏ' விகுதி என்று பிரித்தேன். நம் 'வருவேன்' என்பதில் 'ஏன்' கடைசியில் நிற்பதுபோல, அங்கேயும் 'நான்' வால்பக்கம்தான் உட்கார்ந்திருந்தது. அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வெங்காயம் என்று நினைத்தேன்.

திண்டுக்கல் ஜங்ஷனில் ரயில் வந்து நின்றது. அத்தை பெட்டியில் ஏறித் திரும்பி, "போறேண்ணே" என்றாள்.

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "போறேன்னு சொல்லாத தங்கச்சி. வாரேன்னு சொல்லு."

ரயில் நகர்ந்தது. "வோல்வெரே" என்றாள் அத்தை.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏ பாப்பா, அது போறேனா, வாரேனா?"

"வாரேன்தாம்ப்பா. எதிர்காலம், தன்மை ஒருமை" என்றேன்.

அப்பா முகம் தெளிந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல்லை என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகினார். மறுநாள் மண்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று 'வோல்வெரே' என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அத்தை வரவில்லை. ஆயுசு முழுக்க அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்ட பணி அது. வீடியோ காலில் அப்பா இன்னும் "எப்பம்மா வார?" என்பார். அத்தை அந்த ஒற்றைச் சொல்லையே சொல்வாள்.

அண்ணனிடம் தமிழில் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அன்று எனக்கு அது தெரியாது. சரியாகப் பிரித்துச் சொன்னதற்குக் கூலியாக, பிளாட்பாரத்திலேயே ஒரு குச்சி ஐஸ் கேட்டு வாங்கித் தின்றேன்.